விளையாட்டும் வினையாகட்டும்!

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே இங்கே தரப்படுகிறது.)



காலையிலிருந்து ஒரு வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறோம். "டேய், நீயாடா! எப்படி இருக்கே?" என்று கட்டிப் பிடிக்கிறோம். ஹாஸ்டல் ரூம் நம்பர் ஞாபகம் வருகிறது, மெஸ்ஸில் போட்ட சண்டை ஞாபகம் வருகிறது, பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஓரக்கண்ணால் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைப் படித்துவிட்டு, அதுவரை தெரிந்தவர் மாதிரியே பேசிச் சமாளிக்கிறோம். என் வகுப்பு நண்பர் ஒருவர் காப்பி குடிக்கும்போது மெதுவாகக் காதில் கேட்டார்: "எனக்கு இப்ப அடிக்கடி பேர் மறக்குதுப்பா. இது அந்த வியாதியா இருக்குமோ?"

பயப்பட வேண்டாம். முப்பது வருஷம் பார்க்காதவர் பேர் மறந்து போவதும், பிறகு பேட்ஜைப் பார்த்ததும் "ஆமாம்ல!" என்று நினைவு வருவதும் சாதாரண மறதி. ஆனால் அவர் கேட்ட கேள்வி லேசானதல்ல. அதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "நீங்கள் இத்தனை வருஷம் சாஃப்ட்வேரில் இருந்தவர். மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார். "வீடியோ கேமைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். ஒரு நிமிஷம் போனில் சத்தமே இல்லை. "பெற்றோர்கள் எல்லாம் வருவாங்க சார்..." என்று இழுத்தார். "வீடியோ கேமும் முதியவர்களுக்கு வரும் மறதி நோயும்" என்று முழுத் தலைப்பையும் சொன்னேன். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

விளையாட்டு வினையாகும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். விபரீதமாகும் என்ற பொருளில். வினை என்றால் செயல் என்றும் ஒரு பொருள் உண்டே! ஒரு விளையாட்டு எப்படி ஒரு நல்ல செயலாக முடியும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நோய். டிமென்ஷியா என்பது ஒரு தனி வியாதியின் பெயரல்ல. நினைவு, பேச்சு, கணக்கு, வழி அறிதல், முடிவெடுத்தல் ஆகியவை அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்குக் குறைந்துகொண்டே போகும் நிலைக்குப் பொதுப்பெயர். அதை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றில் முதன்மையானது அல்சைமர் நோய். நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு இதுவே காரணம். அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1906-ல் முதன்முதலில் இதை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

2021 கணக்குப்படி உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில்? 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 100-க்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. இந்த அரங்கில் நாம் 300 பேர் இருக்கிறோம் என்றால், நம்மில் பலர் வீட்டில் இது இருக்கிறது, அல்லது இருந்தது. ஆனால் எத்தனை பேர் அதை வெளியே சொல்லியிருப்போம்?

சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமல்ல. இதை நோய் என்றே நாம் நினைப்பதில்லை. "வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். நம் பக்கத்தில் "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பார்கள். இது நம் ஊர்க் குறை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024-ம் ஆண்டின் உலக அல்சைமர் அறிக்கைக்காகப் பல நாடுகளில் 40,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தார்கள். பொதுமக்களில் 100-க்கு 80 பேர், 'டிமென்ஷியா முதுமையின் இயல்பான பகுதி' என்று பதில் சொன்னார்கள். 2019-ல் இதே கேள்விக்கு அப்படிச் சொன்னவர்கள் 66 பேர்தான். ஐந்து வருஷத்தில் அறியாமை கூடியிருக்கிறது! துண்டுப் பிரசுரமும் சுவரொட்டியும் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் அம்மா ஸ்ரீரங்கத்தில் என் தம்பியோடு இருந்தார். கீழச் சித்திரை வீதியில் வீடு. உங்களில் பலருக்கு அந்த ஊர் தெரியும். கோயிலைச் சுற்றிச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள்: உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான். நாற்பது வருஷமாக அம்மா தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய் வருவார். 2009-ல் ஒருநாள் ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஒன்பதரைக்கு வந்தார். பூக்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "வடக்குச் சித்திரை வீதியில நின்னுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு சுத்து சுத்தியிருப்பாங்க போல. என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, ஆனா வீட்டுப் பக்கம் திரும்பவே இல்ல" என்றார். அம்மாவைக் கேட்டால், "தெருவை யாரோ திருப்பி வச்சுட்டாங்கடா" என்றார்.

அதே வாரத்தில்தான், பதினோரு பேரப்பிள்ளைகள் பேரையும் நட்சத்திரத்தோடு ஒப்பித்தார். ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போட வேண்டும் என்று மருமகளுக்குச் சொன்னார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், "பேரெல்லாம் டாண் டாண்ணு சொல்றாங்க. இவங்களுக்கா மறதி? இருட்டுல தடுமாறியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் பேர், ஊர் கேட்டார், எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "அம்மா, உங்க வீட்டிலேருந்து கோயிலுக்கு எப்படிப் போவீங்க? வரைஞ்சு காட்டுங்க" என்றார். அம்மா ஒரு மூலையில் வீடு வரைந்தார், திண்ணையோடு. இன்னொரு மூலையில் கோபுரம் வரைந்தார், கலசத்தோடு. நடுவில் ஒன்றும் வரையவில்லை. பென்சிலைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் எங்களிடம் தனியாகச் சொன்னார்: "இனிமே பேரை மட்டும் கேக்காதீங்க. வழியையும் கேளுங்க."

அம்மா 2017-ல் காலமானார். அந்த எட்டு வருஷத்தைப் பற்றி இந்த மேடையில் விரித்துச் சொல்லப் போவதில்லை. மருத்துவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம்.

ஏன் வழி? இதற்குப் பதில் மூளைக்குள் இருக்கிறது. நம் காதுக்கு உட்பக்கம், மூளையின் அடிப்பகுதியில், ஹிப்போகேம்பஸ் என்று ஒரு சிறிய பகுதி. கடல்குதிரையின் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். 1971-ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் என்ற விஞ்ஞானி, எலிகளின் ஹிப்போகேம்பஸில் சில செல்கள், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பதைக் கண்டார். இந்த மூலைக்கு ஒரு செல், அந்த மூலைக்கு ஒரு செல். 2005-ல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதி, பக்கத்திலேயே உள்ள என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற பகுதியில் இன்னொரு வகைச் செல்களைக் கண்டார்கள். அவை நாம் நடக்கும் இடத்தையெல்லாம் வரைபடத் தாள் மாதிரி கட்டம் கட்டிக் காட்டுகின்றன. இந்த மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நம் எல்லோர் தலைக்குள்ளும் ஒரு வரைபடம் இருக்கிறது.

இது பழகப் பழக வளரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டுமானால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ல் அவர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. நம் ஊர் ஆட்டோக்காரர்களைப் படம் பிடித்துப் பார்த்தால் என்ன தெரியுமோ!

விஷயம் என்னவென்றால், அல்சைமர் நோய் முதன்முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று இந்த என்டோரைனல் கார்டெக்ஸ். அதனால்தான் சிலருக்குப் பேர் மறப்பதற்கு முன்பே வழி தவறுகிறது. நாமோ பேர் மறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஒருவருக்கு வழி அறியும் திறன் குறைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குறைகிறது என்று சொல்ல வேண்டுமானால், முதலில் சராசரி எது என்று தெரிய வேண்டும். 30 வயதில் எவ்வளவு, 60-ல் எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு? இதற்கு லட்சக்கணக்கானவர்களைச் சோதிக்க வேண்டும். சோதனைச் சாலைக்கு ஒரு நாளில் எத்தனை பேரைக் கூப்பிட முடியும்?

இந்த இடத்தில்தான் வீடியோ கேம் வருகிறது. 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஹ்யூகோ ஸ்பியர்ஸ், ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹார்ன்பெர்கர் ஆகியோர் குழு, அல்சைமர்ஸ் ரிசர்ச் யூ.கே. என்ற தொண்டு நிறுவனம், டாய்ச்ச டெலிகாம் என்ற தொலைபேசிக் கம்பெனி, கிளிட்சர்ஸ் என்ற கேம் தயாரிப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற விளையாட்டை செல்போனில் இலவசமாக வெளியிட்டார்கள்.

நானும் விளையாடினேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. கதை எளிமையானது. ஒரு கடலோடி, கடல் கடலாகப் போய்ப் பார்த்த விநோத ஜந்துக்களையெல்லாம் ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார். வயதாகி அவருக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது. மகன் படகெடுத்துக்கொண்டு, அப்பா போன கடல்களுக்கெல்லாம் போய் அந்த நினைவுகளைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறான். அந்த மகன்தான் நாம்.

முதலில் ஒரு வரைபடம் காட்டுவார்கள். 1, 2, 3 என்று மிதவைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் மறைந்துவிடும். பிறகு மனசில் இருக்கும் படத்தை வைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் படகை ஓட்ட வேண்டும். இன்னொரு வகை ஆட்டத்தில் வளைந்து வளைந்து போன பிறகு, "நீ கிளம்பிய இடம் எந்தப் பக்கம்? அந்தத் திசையில் ஒரு வாணத்தை விடு" என்பார்கள். எளிது என்று நினைக்காதீர்கள். சில கட்டங்களில் எனக்கு வியர்த்துவிட்டது. நாம் படகை ஓட்டும் ஒவ்வொரு வளைவும், தயங்கி நின்ற ஒவ்வொரு இடமும், நம் சம்மதத்தோடு, பெயரில்லாமல் ஆராய்ச்சியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிஷ விளையாட்டு, சோதனைச் சாலையில் ஐந்து மணி நேரம் செய்யும் ஆய்வுக்குச் சமம் என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள்.

எத்தனை பேர் விளையாடினார்கள் தெரியுமா? 40 லட்சம் பேருக்கு மேல்! பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, தூக்கம் வராதபோது, அலுவலகத்தில் மேனேஜர் பார்க்காதபோது, இப்படி 40 லட்சம் பேர் ஆராய்ச்சிக்கு உதவினார்கள்.

அதிலிருந்து என்ன தெரிந்தது? நான்கு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. வழி அறியும் திறன் முதுமையில் திடீரென்று விழுவதில்லை. 19 வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது. இது 2018-ல் வெளியானது. முன்வரிசை மாணவர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இறங்குமுகம் ஆரம்பித்தாயிற்று!

இரண்டு. அதே ஆய்வில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருக்கும் வித்தியாசம் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. பெண்களுக்குச் சமவாய்ப்பு அதிகமுள்ள நாடுகளில் அந்த வித்தியாசம் குறைவாக இருந்தது. "பொம்பளைங்களுக்கு வழி தெரியாது" என்று கேலி பேசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக வெளியே போகவே விடாமல் வைத்துவிட்டு, வழி தெரியவில்லை என்றால் என்ன நியாயம்?

மூன்று. 38 நாடுகளைச் சேர்ந்த 3,97,162 பேர் விளையாடியதை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள், நகரத்தில் வளர்ந்தவர்களைவிட வழி கண்டுபிடிப்பதில் சராசரியாகக் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். சிகாகோ மாதிரி கட்டம் கட்டமாகத் தெரு போட்ட ஊர்களில் வளர்ந்தவர்கள் சிக்கலான வழிகளில் தடுமாறினார்கள். வரப்பிலும் சந்திலும் ஓடி வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு படிப்பாகவே இருந்திருக்கிறது.

நான்கு. இதுதான் மிக முக்கியம். அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு மரபணு உண்டு, ஏபிஓஈ-4 என்பார்கள். 2019-ல் வெளியான ஆய்வில், நல்ல ஆரோக்கியமாக இருக்கும் 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். சுமார் பாதிப் பேரிடம் அந்த மரபணு இருந்தது, மற்றவர்களிடம் இல்லை. வழக்கமான நினைவுச் சோதனையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இந்த விளையாட்டைக் கொடுத்ததும், மரபணு உள்ளவர்கள் மிதவைகளுக்குச் சுற்று வழியில் போவது தெரிந்தது. அவர்கள் சராசரியிலிருந்து விலகுகிறார்கள் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? அதே வயதில் உள்ள 27,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் பொழுதுபோக்காக விளையாடிவிட்டுப் போன கணக்கு கையில் இருந்ததால்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மரபணு இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. இல்லாவிட்டால் வராது என்பதுமில்லை. செல்போன் விளையாட்டில் தோற்றவருக்கெல்லாம் அல்சைமர் என்று நாளைக்கே வீட்டில் பட்டம் கட்டிவிடாதீர்கள்! அது கூட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி. தனி மனிதருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல மருத்துவர் வேண்டும்.

இது ஒரு வகை. இன்னொரு வகை விளையாட்டும் இருக்கிறது. அது கணக்கு எடுக்காது. நோயாளியின் இடத்தில் நம்மை நிறுத்தும்.

2020-ல் இங்கிலாந்தில் கிளேர் மோர்வுட், செல்லா ராமனன் என்ற இரண்டு பெண்கள் 'பிஃபோர் ஐ ஃபர்கெட்' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கதாநாயகியின் பேர் சுனிதா. நம்ம வீட்டுப் பேர்! பெரிய வானியல் விஞ்ஞானி. அவருக்கு இளம் வயதிலேயே டிமென்ஷியா. விளையாடுகிற நாம்தான் சுனிதா. நம் வீடே நமக்குப் புதிதாக இருக்கிறது, நிறம் வெளுத்துப் போயிருக்கிறது. ஒவ்வொரு பொருளாகத் தொட்டு எடுக்க எடுக்க, நினைவு வந்து நிறமும் வருகிறது. ஒரு கட்டத்தில் அவருக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும். கதவைத் திறக்கிறார், கழிப்பறை இல்லை. இன்னொரு கதவு, அதிலும் இல்லை. சொந்த வீட்டில், சொந்தக் கழிப்பறை கிடைக்கவில்லை. சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை, வெறும் கதவுதான். அந்தச் சில நிமிஷப் பதற்றத்துக்கு முன்னால் எந்தச் சண்டை விளையாட்டும் நிற்காது. 'பெரியவர் இப்படி இடத்தை அசிங்கம் பண்ணிவிட்டாரே' என்று கோபப்படுகிற ஒரு பேரனை ஐந்து நிமிஷம் அதில் உட்கார வைத்தால், அவன் கோபம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில், பொழுதுபோக்கைத் தாண்டிய விளையாட்டு என்ற பிரிவில் இது பரிந்துரைக்கப்பட்டது.

அதற்கு முன்பே, 2016-ல், அல்சைமர்ஸ் ரிசர்ச் யூ.கே. 'எ வாக் த்ரூ டிமென்ஷியா' என்று ஒன்று செய்தது. அட்டையில் செய்த மலிவான கண்ணாடிக்குள் செல்போனைச் செருகிப் பார்க்கலாம். மூன்றே காட்சிகள். கடையில் பில் போட நிற்பது, தெருவில் வீட்டுக்கு நடப்பது, வீட்டில் எல்லோருக்கும் டீ போடுவது. நமக்கு அன்றாடம் ஒன்றுமே இல்லாத காரியங்கள்தான். அவையே மலையாகத் தெரிவதை அதில் பார்க்கலாம்.

இனி கசப்பான பக்கத்தையும் பார்ப்போம். "விளையாடினால் மூளை கூர்மையாகும், மறதி நோய் வராது" என்று விற்கிறவர்கள் உண்டு. 2016 ஜனவரியில் அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன், 'லுமோசிட்டி' என்ற மூளைப் பயிற்சி விளையாட்டுக் கம்பெனி மீது, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்து மக்களை ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டியது. கம்பெனி 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பயம் இருக்கும் இடத்தில் வியாபாரம் நுழையும். ஆகவே மாணவர்களே, நீங்கள் நாளைக்கு எதையாவது செய்தால், அது செய்யக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்.

"சீக்கிரம் கண்டுபிடித்து மட்டும் என்ன சார் பிரயோஜனம், மருந்துதான் கிடையாதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. 2023-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெக்கானமாப் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான். ஆனால் பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு இவையும் மறதி நோய் போலவே தோன்றும். அவற்றைச் சரி செய்ய முடியும். 'வயசாச்சு' என்று விட்டுவிட்டால் அதுவும் போச்சு. நோய் அல்சைமர்தான் என்று ஆனாலும், வங்கிக் கணக்கு, உயில், யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லும்போது கேட்டுச் செய்யலாம். அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவரே முடிவெடுக்கக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச காலம் பெரிய விஷயம்.

வராமல் தடுக்கவும் கொஞ்சம் வழி இருக்கிறது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரி செய்தால் உலகத்தில் டிமென்ஷியாவில் 45 சதவிகிதம் வரை தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும் என்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி, உடற்பயிற்சி இல்லாமை எல்லாம் நாம் கேட்டுப் புளித்தவை. பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது, பார்வைக் குறைவும் இருக்கிறது, யாரோடும் சேராத தனிமையும் இருக்கிறது. காது மெஷின் வைத்துக்கொள்ள வெட்கப்படும் என் வயது நண்பர்களே, இது உங்களுக்கு!

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

நான் சொன்ன விளையாட்டுகளில் பெரும்பாலானவை பிரிட்டனில் பிறந்தவை. அதில் வரும் வீடு அந்த ஊர் வீடு, கடை அந்த ஊர்க் கடை. நம் பாட்டியின் உலகம் வேறு. பூஜை அறை, ரேஷன் கடைக் க்யூ, நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கோயில் பிராகாரம், பஸ் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு நிற்கும் பத்து பஸ். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஏன் அடுப்படிக்கு வந்தோம் என்று நிற்பது. இதையெல்லாம் வைத்துத் தமிழில் ஒரு விளையாட்டை நீங்கள் செய்யக் கூடாதா? கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் புரோகிராம் எழுதட்டும், தமிழ்த் துறை வசனம் எழுதட்டும், உளவியல் படிக்கிறவர்கள் சரி பார்க்கட்டும். உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா?

செய்கிறவர்களுக்கு மூன்று நிபந்தனைகள். முதலாவது, விலை குறைந்த செல்போனில் ஓட வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி குரலில் பேச வேண்டும். இரண்டாவது, நோயாளியைப் பேயாகவோ கோமாளியாகவோ காட்டக் கூடாது. மூன்றாவது, ஒரு வரி எழுதுவதற்கு முன், பார்த்துக்கொள்கிறவர்களிடமும், முடிந்தால் நோய் ஆரம்ப நிலையில் உள்ளவர்களிடமும் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். 1992-ல் கொச்சியில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. இந்த நோய்க்கென்றே உள்ள சங்கம். சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் டிமென்ஷியா பராமரிப்பில் வேலை செய்கிறது. போய்ப் பாருங்கள்.

இப்படி ஒரு முயற்சிக்கு நம் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்க வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆண்டுக்கு என் பங்காக 25,000 ரூபாயை இந்த மேடையிலேயே தருகிறேன். மீதியை எங்கள் வகுப்பு நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். பேட்ஜ் மாட்டியிருப்பதால் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, தப்பிக்க முடியாது!

விளையாட்டு செய்யத் தெரியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாத்தா பாட்டியோடு அவர்கள் வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு நடை நடந்து வாருங்கள். முன்னால் அவர்களை விடுங்கள், நீங்கள் பின்னால் போங்கள். எந்த முனையில் திரும்புகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஊர்க் கதை நாலு கிடைக்கும், அவ்வளவுதான். ஒருவேளை, பழகிய தெருவிலேயே திரும்பத் திரும்பத் தயங்கி நின்றால், "வயசாச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.